அப்பவே சொன்னவரும் ஒரு பெரல் கறுவா எண்ணெயும்

உலகத்தில் நடக்கிற எதற்கும் ஆச்சரியப்படாத ஓர் இனம் உண்டு. பாலம் இடிந்ததா, பக்கத்து வீட்டுக் கல்யாணம் குழம்பியதா, களனி கங்கை கரையேறிப் பஜாருக்குள் வந்ததா, வருகிறேன் வருகிறேன் என்று பயம் காட்டிவிட்டு வராமலே போனதா, எல்லாம் நடந்து முடிந்து சனங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு தொண்டை செருமும். பிறகு ஒரு குரல் கேட்கும். "நான் அப்பவே சொன்னேனே!"

அவர்தான். அப்பவே சொன்னவர்.

எப்போது சொன்னார்? யாரிடம் சொன்னார்? தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்டவர்கள் யாரும் உருப்படியான பதிலோடு வீடு திரும்பியதில்லை. நம்முடைய தமிழில் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்று உண்டு. இந்த இனத்தாருடைய தமிழில் எதிர்காலமே கிடையாது. நாளைக்கு என்ன நடக்கும் என்று இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள், வானத்தைப் பார்ப்பார், மீசையைத் தடவுவார், தேநீரை உறிஞ்சுவார். நாளை மறுநாள் கேட்டால் மட்டும் துல்லியமாகச் சொல்வார்.

யட்டியாந்தோட்டைப் பஜாரில் இந்த இனத்துக்குப் பிரதிநிதி ஜமால்தீன் முதலாளி. கராம்பு, மிளகு, சாதிக்காய், கறுவா எண்ணெய் என்று மணக்கிற சாமான் எல்லாவற்றையும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் கிராமங்களிலும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். நல்ல மனிதர். அளவைக் கள்ளம் தெரியாதவர். கையில் எடுத்த மிளகைப் பேசிக்கொண்டே தின்றுவிடுவார் என்பதைத் தவிரக் கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாய்! "நான் அப்பவே சென்னன் தானே!" என்று அவர்கள் வீட்டுத் தமிழில் அது நாளுக்கு எத்தனை தடவை ஒலிக்கும் என்று எண்ண முயன்றவர்கள் மத்தியானத்தோடு களைத்துப்போவார்கள்.

தொண்ணூற்றாறில் இலங்கை உலகக் கிண்ணம் வென்ற அன்று, தோற்கத்தான் போகிறது என்று ரேடியோவை அணைத்துவிட்டுப் படுத்தவர் ஜமால்தீன். வெடிச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து, இடுப்பில் நழுவிய சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி வாசலுக்கு ஓடிவந்து, ஊரார் வாயைத் திறக்குமுன் தாம் திறந்துவிட்டார். என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

அவருடைய மனைவி ஸைனம்பு இதையெல்லாம் முப்பது வருடமாகக் கேட்டுப் பழகியவள். ஒருநாள் கறி அடிப்பிடித்துவிட்டது. ஜமால்தீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே குசினி வாசலில் வந்து நின்றார்.

"கறி புடிக்கும்டு நான் அப்பவே சென்னன் தானே?"

"எப்போ சென்னீங்க? நான் இங்கினதானே ஈக்கிறன். காதுல விழல்லயே."

"மனசுல சென்னன்."

ஸைனம்பு கரண்டியை எடுத்தாள். அடிப்பிடித்த பகுதியை மட்டும் தனியாகச் சுரண்டி எடுத்து அவருடைய சோற்றுக் கோப்பையில் போட்டாள்.

கறுவா எண்ணெய் என்று வந்துவிட்டால் ஜமால்தீனின் மூக்குக்கு இன்னும் மவுசு கூடிவிடும். கறுவா இலையை அவித்து, வரும் ஆவியைக் குளிரவைத்து வடிக்கிற எண்ணெய் அது. பல்வலிக்குக் கராம்புத் தைலம் வைத்தால் சுள்ளென்று ஒரு மணம் வருமே, அந்த மணத்தைத் தருகிற யூஜினோல் என்ற பொருள்தான் இந்த எண்ணெயின் உயிர். அது நூற்றுக்கு எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்துத்தான் கொழும்புக் கம்பெனிக்காரன் வாங்குவான். ஜமால்தீனுக்கு அளவையெல்லாம் எதற்கு? மணிக்கட்டில் ஒரு துளி விட்டுத் தேய்ப்பார். கண்ணை மூடுவார். "எம்பத்திரண்டு" என்பார். கொழும்பில் அது எழுபத்தெட்டு என்று வந்தால், "போற வழியில நாலு ஆவியாகிப் போயீக்கும், நான் அப்பவே சென்னன் தானே" என்பார். எண்பத்தைந்து என்று வந்தால் எண்ணெய் முற்றியிருக்கும். மூக்கு மட்டும் ஒருபோதும் பிழை விட்டதில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுவரை எல்லாம் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருடம் பக்கத்து இறப்பர்த் தோட்டத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து எண்ணெய் வடிக்கத் தொடங்கியிருந்தார்கள். முன்னால் நின்றவள் மருதாயி. இறப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்தவள். ஒரு வேலையைப் பிடித்தால் விடாதவள். தோட்டத்து எல்லையோரம் யாருக்கும் வேண்டாமல் வளர்ந்து கிடந்த கறுவாவில் இலை வெட்டிக்கொள்ளத் தோட்ட நிர்வாகியான துரையிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினாள். பழைய கொப்பரை ஒன்றுக்குக் குழாய் பொருத்தி, ஓடைக்கரையில் அடுப்பு மூட்டினார்கள். இறப்பர் மரங்கள் இலை உதிர்த்து, பால் வெட்டு இல்லாமல் லயத்து வரிசை வீடுகளில் அடுப்புகள் சுருங்கிப்போகிற மாதங்களில் அந்தக் கொப்பரைதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. அவர்கள் வடித்ததைச் சின்னக் கேன்களில் கொண்டுவந்து கொடுக்க, ஜமால்தீன் தம்முடைய பெரல் என்கிற இரும்புப் பீப்பாயில் ஊற்றிச் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பினார்.

முதல் தடவைகள் நன்றாகவே போயின. பிறகு ஒருநாள் அனுப்பிய பெரல் அப்படியே திரும்பி வந்தது.

லொறிக்காரன் அதை நடுப்பஜாரில் உருட்டி இறக்கினான். "முதலாளி, மே தெல் ஹரி நே" என்று உரக்கச் சொன்னான். எண்ணெய் சரியில்லையாம். யூஜினோல் குறைவாம். ஏதோ கலந்திருக்கிறதாம். தேநீர்க் கடையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இறைச்சிக் கடைக்காரர் கத்தியோடு வந்து நின்றார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை மறந்தார்கள். இத்தனை முகங்கள் தம்மையே பார்க்கும்போது, எண்பத்திரண்டு என்று சொன்ன ஒரு மனிதர் என்னதான் செய்வார்? ஜமால்தீன் ஒன்றும் யோசிக்கவில்லை என்பதை நாம் சத்தியம் செய்தே சொல்லலாம். யோசிக்கிற வேலையையும் வாயே பார்த்துக்கொண்டது.

"நான் அப்பவே சென்னன் தானே! அந்தப் பொம்புளைகள் மண்ணெண்ணெ கலந்தீப்பாங்க!"

சொன்ன மறுகணமே அவருக்கு அது உண்மையாகிவிட்டது. இதுவும் இந்த இனத்தாரின் விசேஷம். பொய் சொல்லத் தெரியாதவர்கள். தங்கள் வாயிலிருந்து வருவதை முதலில் நம்புகிறவர்கள் அவர்களேதான். தேநீர்க் கடையில் உட்கார்ந்து, மருதாயி கேன் கொண்டுவந்த அன்றே அவளுடைய நடையில் ஒரு மாதிரி தெரிந்தது என்றுகூடச் சொல்லிவிட்டார்.

வார்த்தை மலை ஏறுவதற்கு பஸ் வேண்டியதில்லை. அன்று சாயந்தரமே தோட்டத்துக்குப் போய்விட்டது. தோட்டத்துப் பெயர் கெட்டுப்போகும் என்று துரைக்குக் கோபம். இலை வெட்டுவதை நிறுத்தச் சொல்லிக் காவல்காரனை அனுப்பினார். கொப்பரையின் அடியில் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள்.

மறுநாள் காலை மருதாயி கடை வாசலில் நின்றாள். கையில் ஒரு மருந்துப் போத்தல்.

"மொதலாளி, நாங்க கலந்தோம்னு சொன்னீங்களாம்."

ஜமால்தீன் தராசைத் துடைத்தார். "நான் ஒங்களெண்டு பேர் சென்னதில்ல... பொதுவா..."

"பொம்பளைங்கன்னு சொன்னா ஊருல வேற யாருங்க எண்ணெ வடிக்கிறா? இந்தா பாருங்க, ஒங்களுக்கு ஊத்துன அதே எண்ணெ. கை கால் வலிச்சா தேய்க்கலாம்னு கொஞ்சம் எடுத்து வச்சிருந்தேன். இதையும் ஒங்க பெரல்ல உள்ளதையும் கொண்டுபோயி அளந்து பாத்துருவோம். கலந்திருந்தா நானே அடுப்ப ஒடைச்சுப் போட்டுர்றேன்."

"அளக்க என்தேன் ஈக்கிது? என்ட மூக்கு..."

உள்ளேயிருந்து ஸைனம்பு வந்தாள். "போய்ட்டுத்தான் வாங்களேன். மூக்கு எங்கேயும் ஓடிப்போறல்ல தானே? என்ட கூட்டாளிட மக ஜெஸீமா கொழும்புல அந்த வேலதான் செய்றா. அவள்ட காட்டுங்க."

வரக்காப்பொலக்காரியான ஜெஸீமா கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் எண்ணெய் வகைகளைப் பரிசோதிக்கிறவள். மறுக்க ஒரு காரணமும் அகப்படாததால் ஜமால்தீன் புறப்பட்டார். பெரலிலிருந்து ஒரு போத்தல் அவர் மடியில், மருந்துப் போத்தல் மருதாயி மடியில். கரவனெல்ல தாண்டி, அவிசாவளை தாண்டி, பஸ் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. ஜமால்தீன் சும்மா வரவில்லை. "மெஷின் கூடவும் காட்டலாம், கொறயவும் காட்டலாம்" என்று ஒரு தடவை சொன்னார். கொஞ்ச தூரம் போனபின், "சரியாவும் காட்டலாம்" என்று சேர்த்துக்கொண்டார். இனி எது வந்தாலும் அப்பவே சொன்னதாகிவிடும். முன்யோசனை என்பது இதுதான்.

மருதாயி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜெஸீமா இருவரையும் உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்தாள். வயிறு பருத்து, கொக்குக் கழுத்துப்போல நீண்ட கழுத்து, கழுத்தெல்லாம் கோடுகள். ஒன்றில் மருதாயியின் எண்ணெயையும் மற்றதில் பெரல் எண்ணெயையும் ஒரே அளவாக விட்டாள். பிறகு ஒரு காரத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கினாள்.

"யூஜினோல் இந்தத் தண்ணியில கரைஞ்சிரும் மாமா. கரையாதது மேல மெதந்து கழுத்துக்கு வரும். அத கோட்டுல பாத்தா மிச்சம் எவ்ளோண்டு வெளங்கும். மெதக்கிறது கூடினா யூஜினோல் கொறவு."

"இது எனக்குத் தெரியும்" என்றார் ஜமால்தீன். அன்றைக்குத்தான் தெரிந்தது.

காத்திருந்தார்கள். பால்போல் கலங்கியிருந்த தண்ணீர் மெல்லத் தெளிந்தது. ஜெஸீமா இன்னும் கொஞ்சம் காரத் தண்ணீர் விட, மஞ்சள் நிறத்தில் ஒரு மெல்லிய தண்டு குடுவைக் கழுத்தில் ஏறத் தொடங்கியது. மருதாயியினுடையது இரண்டாவது பெரிய கோட்டில் நின்றுவிட்டது. மற்றது அங்கே நிற்கவில்லை. ஏறிற்று. இன்னும் ஏறிற்று. மூன்றாவது கோட்டைத் தொடுமளவு போய்த்தான் ஓய்ந்தது. ஜமால்தீன் தம்முடைய சட்டைக் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

"இவங்கட எண்ணெ எம்பது. நல்ல எண்ணெ" என்றாள் ஜெஸீமா. "பெரல்ல உள்ளது எழுபத்திரண்டுதான். இருங்க, என்ன கலந்தீக்கிண்டும் பாப்பம்."

பக்கத்து அறையில் ஓர் இயந்திரம் இருந்தது. எண்ணெயில் உள்ள ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பிரித்து ஒரு தாளில் மலைமலையாகக் கோடு கீறுவது அதன் வேலை. மருதாயியின் எண்ணெய்க்கு ஒரு பெரிய மலை வந்தது. அது யூஜினோல். பக்கத்தில் சின்னச் சின்னக் குன்றுகள். பெரல் எண்ணெய்க்கும் அதே மலை, அதே குன்றுகள் வந்தன. ஆனால் அவற்றுக்குப் பின்னால், வரிசை பிசகாமல், வேலிக்கு நட்ட கம்புகள் மாதிரி இன்னொரு கூட்டம் எழுந்து நின்றது.

"இது எலயில இருந்து வாற சாமான் இல்ல, மாமா. மண்ணெண்ணெயும் இல்ல. டீசல். எண்ணெய ஊத்தின பெரல் எங்க எடுத்தது?"

கரவனெல்லவில் ஒரு பஸ் கராஜில் எடுத்தது. ஜமால்தீனுக்கு அந்த இடமே கண்முன் வந்தது. சின்ன வாயுள்ள இரும்புப் பெரல். உள்ளே என்ன தங்கியிருக்கிறது என்று பார்க்க முடியாது. கராஜ்க்காரன் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவச் சொன்னான். அவர் குனிந்து ஒருமுறை மோந்துவிட்டு, "சுத்தமாத்தான் ஈக்கிது, எனக்குத் தெரியும்" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு வந்தார். போன மாதம்தான்.

இப்படிப்பட்ட நேரத்தில் நாமானால் மௌனமாக இருப்போம். பாவம், அவருடைய வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை.

"பாத்தீங்களா, ஏதோ கலந்தீக்கிண்டு நான் அப்பவே சென்னன் தானே..."

மருதாயி அவர் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"ஆமாங்க மொதலாளி. சொன்னீங்க. எங்களத்தான் சொன்னீங்க."

ஜெஸீமா தாளை மடித்தாள். குடுவைகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வரும்போதும் பஸ் குலுங்கிக் குலுங்கித்தான் வந்தது. அவிசாவளையில் ஏறிய ஒரு தெரிந்த மனிதர், "என்ன ஜமால்தீன் நானா, மழை வரும்போல" என்றதற்கு அவர் வானத்தைக்கூடப் பார்க்கவில்லை. மருதாயி அசந்து தூங்கிவிட்டாள். காலையில் கஞ்சி குடித்துவிட்டுப் புறப்பட்டவள், கொழும்பில் கொடுத்த தேநீரைக்கூட ஆறவைத்துவிட்டாள். அவள் தூக்கத்திலும் அந்த மருந்துப் போத்தலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதை ஜமால்தீன் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார். வேறு பக்கத்திலும் அதுவேதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ஸைனம்புவிடம் நடந்ததைச் சொன்னார். முழுவதும் சொன்னார். இடையில் அந்த வாக்கியம் ஒருமுறைகூட வரவில்லை. ஸைனம்பு அவருடைய நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

"நாளைக்கித் தோட்டத்துக்குப் போகோணும்" என்றார்.

"போங்க. போய் என்ன செல்லப் போறீங்க?"

அதுதான் தெரியவில்லை.

தோட்டத்துக் கந்தோரில் துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இளம் சிங்களவர். வாசலில் மருதாயியும் மற்றப் பெண்களும் நின்றார்கள். ஜமால்தீன் தொப்பியைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். பெரல், கராஜ், டீசல் எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். சொல்லவேண்டிய ஒன்று மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கடைசியில் அதைச் சிங்களத்தில் தள்ளிவிட்டார்.

"மட்ட வெரதுணா, மஹத்தயா."

பிழை என்னுடையதுதான், ஐயா. பிற பாஷையில் எப்படியோ சுலபமாகத்தான் இருந்தது. துரை தலையாட்டினார். ஜமால்தீன் பெருமூச்சுவிட்டுத் திரும்பினார்.

வாசலை மறித்துக்கொண்டு மருதாயி நின்றாள்.

"தமிழ்ல சொல்லுங்க மொதலாளி."

"ஒங்களுக்குச் சிங்களம் நல்லா வெளங்கும் தானே?"

"வெளங்கும். பஜார்ல தமிழ்லதானே சொன்னீங்க?"

ஜமால்தீன் தரையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மீசையைத் தடவினார். அங்கேயும் உதவி இல்லை. உறிஞ்சுவதற்குத் தேநீரும் இல்லை.

"எனக்குத் தெரியாது" என்றார். குரல் அவருக்கே புதிதாய் இருந்தது. "தெரியாமத்தான் சென்னன். நீங்க ஒண்டும் கலக்கல்ல. பஜார்லயும் செல்றன்."

சொன்னார். தேநீர்க் கடையில், இறைச்சிக் கடைக்காரர் இருக்கும்போது, பஸ்ஸுக்கு நின்றவர்கள் கேட்கச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குக் காத்திருந்தவர்களுக்கும் அந்த முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை.

இலை வெட்டத் துரை மறுபடி விட்டார்; கொப்பரை அடுப்பு எரிந்தது. புதிய எண்ணெயைப் பெண்கள் தங்கள் கேன்களிலேயே மூடி, தங்கள் கையாலேயே லொறியில் ஏற்றினார்கள். "பெரல் வேணாங்க மொதலாளி, நாங்க பாத்துக்கிறோம்" என்றாள் மருதாயி. ஜமால்தீன் சரி என்றார். கொழும்பிலிருந்து நல்ல எண்ணெய் என்று சேதி வந்தது.

இதற்குப் பிறகு ஜமால்தீன் திருந்திவிட்டார் என்றே பஜார் நினைத்தது. மழை வருமா என்று கேட்டால் "பாப்பம்" என்பார். யார் வெல்வார் என்று கேட்டால் "அல்லாஹ்தான் அறிவான்" என்பார். தேநீர்க் கடையில் பேச்சு சோர்ந்துபோயிற்று. இறைச்சிக் கடைக்காரர், நானாவுக்குச் சுகமில்லையோ என்று ஸைனம்புவிடம் விசாரித்தார். அவளுக்கும் பயம்தான். கொத்தமல்லி அவித்துக் கொடுத்துப் பார்த்தாள். எண்ணெயை மணிக்கட்டில் தேய்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைக்கிற புருஷனை அவளால் பார்க்க முடியவில்லை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. பஜாரில் யாரோ ஒரு வியாபாரி தம்முடைய பிழையை ஒத்துக்கொள்ளாமல் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தின் பின்னால் ஒரு தொண்டை செருமியது.

"மனுஷன் எண்டா பிழைய ஒத்துக்கொள்ளோணும். நான் அப்பவே சென்னன் தானே!"

பஜாரே திரும்பிப் பார்த்தது. தேநீர்க் கடைக்காரர் கேட்காமலேயே ஒரு தேநீர் ஊற்றினார். விஷயம் வீட்டுக்கு எட்டியதும் ஸைனம்பு கொத்தமல்லிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தாள்.

பொறுமையாக வாசித்து வந்த உங்களிடம் ஒரேயொரு கேள்வி. முதன்முதலாகப் பெரல் என்ற சொல் வந்த இடத்திலேயே கோளாறு அதில்தான் என்று பிடித்துவிட்டீர்களோ? பக்கத்தில் இருப்பவரைத் தட்டி அதைச் சொல்லலாமா என்றும் ஒரு துடிப்பு வந்ததோ? வரவில்லையென்றால் நல்லது. வந்திருந்தால், உங்களை எந்த இனத்தில் சேர்ப்பது என்று நான் சொல்லத் தேவையில்லை. வீட்டில் விசாரித்துப் பாருங்கள். அவர்களுக்கு ரொம்ப நாளாகவே தெரியும்.